தூசு என்று நான் எழுதிய இருபத்து மூன்று நாள்

எங்கள் பழைய ஷூ கம்பெனியில் இப்போது எல்லா மெஷினுக்கும் சென்சார் மாட்டிவிட்டார்களாம். கியர் பெட்டிக்குள் ஒரு பல் தேய்ந்தால்கூட இன்ஜினியரின் செல்போனுக்குச் சேதி போய்விடுமாம். எனக்குப் பல் வலி வந்தால் வீட்டுக்குள்ளேயே யாருக்கும் சேதி போவதில்லை. அது கிடக்கட்டும். மெயின்டனன்ஸில் இருக்கும் பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் வீடு தேடி வந்தார்கள். "ஐயா, அந்தக் காலத்துலயே சிகரெட் பாக்கெட்டு ஜிகினாத் தாளை வெச்சு ரோபோ கியர் ஃபால்ட்டைக் கண்டுபுடிச்சீங்களாமே? அதை எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்கள்.

கண்டுபிடித்தது உண்மைதான். எப்போது கண்டுபிடித்தேன் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நான் பிறந்தது குடியாத்தத்தில், லுங்கி நெய்கிற வீட்டில். பவர்லூம் நின்றுபோனால் நான் பழுது பார்ப்பேன். அதற்குப் பிறகு அது நின்றிருந்ததே மேல் என்று தோன்றும். "இவன் இங்கியே இருந்தா நம்ம பொழப்பு போய்டும்" என்று அப்பா என்னை வேலூர் ஐ.டி.ஐ.க்கு அனுப்பிவைத்தார். அங்கே இரண்டு வருஷம் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் சதுரமாக ராவினேன். கடைசிவரை சதுரம் வரவில்லை. சர்ட்டிபிகேட் வந்தது.

எழுபதுகளின் நடுவில் வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற டேனரி ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் நாளே சுண்ணாம்புக் குழியில் விழுந்தேன். மயிர் உதிர வேண்டும் என்று தோலைப் போட்டு ஊறவைக்கிற குழி அது. என் தலை வழுக்கையானதற்குப் பரம்பரையைக் குறை சொல்கிறார்கள், நான் அந்தக் குழியைச் சொல்கிறேன். தோல் புரட்டுகிற டிரம் அங்கே ஒரு அறை அகலம் இருக்கும். மரத்தாலான பெரிய பீப்பாய், இடுப்பைச் சுற்றிப் பல்சக்கரம். ஒரு டிரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று இடித்தது. எந்தப் பல்லில் கோளாறு என்று யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, டார்ச்சை ஒரே இடத்தில் கட்டிவைத்து, வெளிச்சத்தில் வெள்ளைக் கோடு வந்ததிலிருந்து 'டக்' கேட்கும்வரை பல்லை எண்ணினேன். பத்தொன்பதாவது பல். அவ்வளவுதான் வித்தை. ஒரு வெளிச்சமும் ஒரு அடையாளமும் இருந்தால் போதும், எண்ணத் தெரிந்த எந்த முட்டாளும் கியரின் நோயைச் சொல்லிவிடலாம். நான் எண்ணுவதில் கெட்டிக்காரன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்தேன். எனக்கு மேலே தெய்வநாயகம் சார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்த இன்ஜினியர். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அவர் ஒரு மெஷினைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. என்ன உடைந்தாலும் குரல் உயராது. எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "வாங்க ஏழுமலை. மெஷின் என்ன சொல்லுது?" என்பார். நான் வாயாலேயே அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டுவேன்: "டக்... டக்டக்... அப்புறம் கிர்ர்ர்னு ஒரு இழுவை சார்." பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "நல்லா பண்றீங்க. இது பேப்பர்ல வருமா?"

சார் அப்படிப்பட்டவர். காதால் கேட்டது, கையால் உணர்ந்தது எதுவும் கணக்கில்லை. லாக் புக்கில் மூன்று கட்டம்: என்ன கண்டேன், என்ன செய்தேன், காரணம். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தால் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். நெற்றியைச் சுளிக்கக்கூட மாட்டார். திட்டுகிற மேலதிகாரியைச் சமாளித்துவிடலாம், இப்படிப்பட்டவரைச் சமாளிக்க முடியாது.

கம்பெனியில் தோலின் பரப்பளவு பார்க்கிற மெஷின் ஒன்று இருந்தது. மேலே விளக்கு வரிசை, கீழே எலெக்ட்ரிக் கண் வரிசை, நடுவே தோல் ஓடும். எந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மறைகிறதோ அந்த இடத்தில் தோல் இருப்பதாக மெஷின் எண்ணிக்கொள்ளும். திடீரென்று எல்லாத் தோலும் உள்ளதைவிடப் பெரிதாக அளவு காட்டியது. ஆட்டுத்தோல் எல்லாம் மாட்டுத்தோல் ஆகிக்கொண்டிருந்தது. பெல்ட்டை மாற்றினார்கள், கியரைக் கழற்றிப் பூட்டினார்கள். நான் குனிந்து பார்த்தேன். தோலைத் தேய்த்துப் பதப்படுத்தும்போது பறக்கிற தூசு இரண்டு கண்களை மூடியிருந்தது. மெத்தென்ற ஆட்டுத்தோல் துண்டால் துடைத்தேன். சரியாகிவிட்டது.

சார் அன்றே ஒரு அறிவிப்பு ஒட்டினார். எலெக்ட்ரிக் கண் உள்ள எந்த மெஷினாக இருந்தாலும் முதலில் கண்ணைத் துடை, பிறகுதான் ஸ்பேனரைத் தொடு. இந்தப் பக்கத்து கம்பெனிகளில் அது வேதமாகவே ஆகிவிட்டது. எங்கள் ஊர்க் காற்றில் பாதி தோல்தூசுதான் என்பதால் பத்துக்கு ஒன்பது முறை அது சரியாகவும் இருந்தது. அதைக் கண்டுபிடித்த மகானும் நான்தான்.

எண்பதுகளின் பின்பாதியில், வெளிநாட்டில் மூடிவிட்ட ஏதோ ஃபேக்டரியில் இருந்து முதலாளி ஒரு பழைய ரோபோவை வரவழைத்தார். மரப்பெட்டியை உடைத்தபோது தையல் செக்‌ஷன் பெண்கள் உட்பட எல்லோரும் சுற்றி நின்றோம். கண், மூக்கு, வாயோடு வரும் என்று நினைத்திருந்தோம். வந்தது ஒரே ஒரு இரும்புக் கை. தோள், முழங்கை, மணிக்கட்டு, அவ்வளவுதான்.

"இன்னாபா இது, தல எங்க?" என்றான் கரீம்.

"தலை இருந்தா இந்த ஊருக்கு வருமா?" என்றேன்.

கரீம் பேரணாம்பட்டுக்காரன். தினமும் பஸ்ஸில் வருவான். அந்தக் கையை ஓட்ட அவனைத்தான் போட்டார்கள். எனக்கு அவன் அந்தக் கம்பெனியிலேயே ஒரே தோஸ்த். நான் சொல்கிற ஜோக்குக்கு, முடிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவான். மேடையில் பேசுகிறவனுக்குக்கூட அப்படி ஒரு ஆள் கிடைக்கமாட்டான்.

ஷூவின் அடியில் சோல் ஒட்டுவதற்கு முன் அங்கே இருக்கும் தோலைச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்போதுதான் கோந்து பிடிக்கும். இரும்புக் கையின் நுனியில் கம்பிச் சக்கரம் ஒன்று ஓயாமல் சுழலும். கரீம் ஷூவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத் தன் கையை எடுத்து, பெடலை மிதிப்பான். இரும்புக் கை மேலே இருந்து இறங்கி, ஷூவைச் சுற்றிச் சுரண்டிவிட்டு, மறுபடி மேலே போய் நிற்கும். எல்லாவற்றையும் ஒருவர் எடுத்து முன்னால் வைக்க வேண்டும் என்பதால் பெண்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு ஒளிக்கதிர் இருந்தது. அதற்குள் மனிதக் கை இருக்கும்வரை மாப்பிள்ளையின் மோட்டார் ஓடாது.

ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் கரீம் வந்தான். "தோஸ்த், மாப்பிள்ளைக்கு மொழங்கை நடுங்குது. மேல போய் நிக்கறப்ப ஒரு உலுக்கு உலுக்குது."

"உன் கூட வேல செஞ்சா எனக்கும்தான் நடுங்கும்."

"ஜோக்கு அப்பறம் அடி, வந்து பாரு."

பார்த்தேன். இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பிள்ளைகள் இதைத்தான் கேட்டார்கள். முழங்கை மோட்டாரின் பின்புறம் ஒரு தட்டு உண்டு. அதில் மயிரிழை போலக் கீறல்கள். ஒரு பக்கம் விளக்கு, மறு பக்கம் கண். மோட்டார் சுற்றச் சுற்றக் கண் அந்தக் கீறல்களை எண்ணி, கை எங்கே இருக்கிறது என்று அதை ஓட்டுகிற கண்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும். ஆனால் அந்தத் தட்டு இருப்பது மோட்டாரில். கியர் அதற்கு அப்பால், முழங்கைப் பக்கம். கியரில் பல் தேய்ந்து கை தொளதொளத்துப் போனாலும் மோட்டார் 'நான் சரியாகத்தான் சுற்றினேன்' என்று சத்தியம் செய்யும். பொய்யில்லை. ஆனால் சோறு வேகாதபோது, அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது என்று சொல்கிற மாதிரி.

அதனால் முழங்கைப் பக்கமே இரண்டாவது கண் வைக்க முடிவு செய்தேன். சிகரெட் பாக்கெட்டில் வருகிற ஜிகினாத் தாளைச் சீரான துண்டுகளாக வெட்டி, இடையிடையே கறுப்பு டேப் விட்டு முழங்கை அச்சில் ஒட்டினேன். கழித்துப்போட்ட அளவு மெஷினில் இருந்து கண் ஒன்றைக் கழற்றி எதிரே வைத்தேன். வேலூர் லாங் பஜாரில் பழைய சாமான் கடையில் இதயத் துடிப்பை எழுதுகிற மெஷின் ஒன்று கிடந்தது. ஏதோ ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டது. அதையும் தூக்கி வந்தேன். ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர், இரண்டு கண்ணும் சொல்வதில் உள்ள வித்தியாசத்தை மட்டும் அந்த மெஷினின் முள்ளுக்கு அனுப்ப ஒரு சின்ன சர்க்யூட் போட்டுக்கொடுத்தார். மோட்டாரும் முழங்கையும் ஒத்துப்போனால் காகிதத்தில் நேர்கோடு. முழங்கை பின்தங்கினால் ஒரு பள்ளம்.

பள்ளம் வந்தது. சார் பின்னால் கைகட்டிக் குனிந்து பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் பல் தெரிந்தது. "பேப்பர்ல வருதுங்களே ஏழுமலை!" எனக்குக் கவர்னர் கையால் மெடல் வாங்கிய மாதிரி இருந்தது.

அடுத்து எங்கள் வேதம். முதலில் கண்ணைத் துடை. ஜிகினாத் தாளில் தூசு படிந்தாலும் வெளிச்சம் திரும்பாது, கண் ஒரு எண்ணைத் தவறவிடும், பள்ளம் விழும். தூசுப் பள்ளமும் கியர்ப் பள்ளமும் பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். மெஷினை நிறுத்தி, கையைப் பூட்டி, மூடியைக் கழற்றி, ஜிகினாவையும் கண்ணையும் ஆட்டுத்தோலால் துடைத்து, மறுபடி மூடி, ஓடவிட அரைமணி நேரம் ஆனது. ஓடவிட்டேன். கோடு நேராக வந்தது. லாக் புக்கில் எழுதினேன். கண்டது: பள்ளம். செய்தது: துடைத்தேன். காரணம்: தூசு.

மறுநாள் பதினொரு மணிக்குப் பள்ளம் மறுபடி வந்தது. துடைத்தேன், போனது. அதற்கு மறுநாளும் அப்படியே. கரீம் தினமும் கேட்பான்.

"தொடச்சியா?"

"தொடச்சேன்."

"அப்ப சரி." ஷூவை எடுத்து, இரும்புக் கைக்கு அடியில் தன் கையை நீட்டுவான்.

இருபத்து மூன்று நாள் இப்படி. இருபத்து மூன்று முறை 'தூசு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒருநாள் கரீம் சொன்னான்: "தூசு இன்னாடா டெய்லி கரெக்டா பதினோரு மணிக்கு வருது? அதுக்கும் டைம் ஆபீஸ் இருக்குதா?" அவன் சொன்ன ஜோக்குக்கு அன்று நான் சிரித்தேன். யோசிக்கத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பாதிப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போவதால் அன்று மதியம் ஒரு மணி நேரம் அந்த செக்‌ஷன் நின்றுவிடும். அன்று பதினொரு மணிக்கு வந்த பள்ளத்தை மதியம் நிற்கும்போது துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன், மதியமும் துடைக்கவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை, பிரியாணி. தின்றுவிட்டு வந்தால் குனிய முடியவில்லை. தொழுகை முடிந்து கரீம் வந்து மெஷினைப் போட்டான். பழைய பள்ளம் அப்படியே வரும் என்று பார்த்தேன். கோடு நேராக ஓடியது.

யாரும் துடைக்கவில்லை. ஆனாலும் பள்ளம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. சரியாக்கியது துடைத்ததல்ல, நிறுத்தியது. காலையில் இருந்து ஓடி ஓடிக் கியர் பெட்டி சூடாகும், உள்ளே கிரீஸ் இளகித் தண்ணீராகும், தேய்ந்த பல்லுக்கு நடுவே இடைவெளி தெரியும். அரைமணி நேரம் நிறுத்தினால் கிரீஸ் ஆறி இறுகி இடைவெளியை மறைத்துவிடும். நான் இருபத்து மூன்று நாளாகக் கியருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தூசைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

சாரிடம் ஓடினேன். அவர் முழுவதும் கேட்டார். குரல் மாறவில்லை. "நேத்து வரைக்கும் தூசுன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்குக் கியர்னு சொல்றீங்க. பெட்டியைத் திறந்தா திரும்பப் பூட்ட நம்மகிட்ட ஆள் இல்லைங்க. துடைக்காம, ஓய்வு மட்டும் குடுத்து இன்னொரு தடவை பாருங்களேன். பேப்பர்ல வரட்டும்."

நான் லாக் புக்கை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவரே சொன்னார்: "இல்ல, இப்பவே நிறுத்தணும்னு தோணினா நிறுத்திடுங்க. சிவப்புச் சீட்டு உங்ககிட்டதான் இருக்கு. நான் கேக்க மாட்டேன். காரணம் மட்டும் எழுதிடுங்க."

மெஷினில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டால் முதலாளியே வந்தாலும் ஓட்டக் கூடாது. சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. லாக் புக்கைத் திறந்தேன். ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழே தூசு, தூசு, தூசு. எல்லாம் என் கையெழுத்து. அதற்குக் கீழே 'கியர்' என்று எழுத வேண்டும். கண்ணைத் துடைக்கச் சொன்ன மகான், துடைத்துத் துடைத்துக் குருடனாகிவிட்டான் என்று கம்பெனி முழுக்கச் சிரிக்கும். என்னைப் பார்த்து அதுவரை எல்லோரும் சிரித்தது நான் சிரிக்க வைத்ததால்தான். புத்தகத்தை மூடிவிட்டேன். நாளைக்கு ஒரு நாள். காகிதத்தில் நல்ல சாட்சி கிடைத்ததும், அதைக் கண்டுபிடிப்பாகவே சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை கரீம் வந்தான். மூடி கழற்றாமல் இருப்பதைப் பார்த்தான். "இன்னா, நேத்து தொடைக்கல, இன்னிக்கும் தொடைக்கலியா?"

சொல்லியிருக்கலாம். 'கரீம், கியர் போய்க்கிட்டு இருக்கு, கையை உள்ள விடாதே.' பத்து வார்த்தைகூட இல்லை. நான் சொன்னது: "மாப்பிள்ளை இன்னிக்குக் குளிக்க மாட்டேன்னுட்டாரு."

அவன் சிரித்தான். வழக்கம் போல முடிப்பதற்கு முன்பே. பிறகு முதல் ஷூவை மாட்டினான்.

நான் முள்ளுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிவரை நேர்கோடு. பத்தரைக்கு லேசாக ஒரு குழி. பதினொன்றுக்கு ஆழமான பள்ளம். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் கால்மணி ஓடட்டும், பள்ளம் நன்றாக விழுந்ததும் நிறுத்திவிட்டு, ஆறியபின் மறுபடி ஓட்டி, இரண்டு காகிதத்தையும் சார் மேஜையில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முள் ஒரேயடியாகக் காகிதத்தின் ஓரத்துக்குப் போய் நின்றது. நான் நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது.

ஒளிக்கதிர் தன் வேலையைச் செய்திருந்தது. கரீமின் கை உள்ளே இருந்ததால் மோட்டார் ஓடவில்லை, பிரேக் பிடித்துத்தான் இருந்தது. பிரேக்கும் மோட்டார் பக்கம்தான். கியரின் பல் போனதும் இரும்புக் கை தன் கனத்தில் தானே விழுந்தது, சுழலும் சக்கரத்தோடு.

"ஆஃப் பண்ணுடா" என்றான் கரீம். கத்தவில்லை. ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிறவன் மாதிரிச் சொன்னான். "ஏழுமல, ஆஃப் பண்ணு."

வேலூர் ஆஸ்பத்திரியில் வலது கையில் கட்டைவிரலையும் பாதி உள்ளங்கையையும் மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

கரீமை வண்டியில் ஏற்றி அனுப்பிய உடனேயே தெய்வநாயகம் சார் முதல்முறையாக ஒரு மெஷினைத் தொட்டார். கியர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார், சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். பிறகு காகிதச் சுருளைப் பார்த்தார். "பேப்பர்ல வந்திருக்குங்க" என்றார். சுருளைக் கிழித்தெடுத்து, "விசாரணையில இதை வைக்கவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க" என்றார்.

"வேண்டாம் சார்."

அவர் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். விசாரிக்க வந்தவர்கள் லாக் புக்கைப் பார்த்தார்கள். இருபத்து மூன்று முறை தூசு. ஒழுங்காகத் துடைத்திருக்கிறார், தூசுத் தொல்லை மீறிவிட்டது, எதிர்பாராத விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். பெட்டியைத் திறந்தபோது மூன்று பல் இல்லை. கிரீஸில் மிளகுத்தூள் போல இரும்புப் பொடி. அதைப் பார்த்தது சாரும் நானும்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இரும்புக் கைக்கும் ஜிகினாத் தாள் ஒட்டி, ஓய்வு கொடுத்தும் கொடுக்காமலும் ஓட்டிப் பார்த்து, பல் போவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. ரிட்டையர் ஆனபோது பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளைகள் கேள்விப்பட்டது அந்தக் கதையை.

கரீமை வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காரவைத்தார்கள். ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு, போகிற வருகிறவன் எல்லாம் கையையே பார்க்கிறான், பேஜாரா இருக்குது என்று நின்றுவிட்டான். அவன் மனைவி பீடி சுற்றினாள். சட்டைப் பொத்தானையும் அவள்தான் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் போவேன். வருகிற விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவான்: "இவன்தான் ஏழுமல. டெய்லி தொடச்சான் பாவம். தூசுக்கு யாரு இன்னா பண்ண முடியும்?" நான் ஒரு ஜோக் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

பிள்ளைகள் கேட்டுவிட்டுப் போனபிறகு எழுத உட்கார்ந்தேன். ஜிகினாத் தாள்வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. போன வாரம் பஸ் ஏறிப் பேரணாம்பட்டு போனேன். இங்கே எழுதியிருப்பதை அப்படியே அவனிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை, சிவப்புச் சீட்டு, சனிக்கிழமை, விசாரணை, எல்லாம்.

அவன் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அப்ப காலைலயே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் சிரிச்சனே."

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"இத்தினி வருசம் எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லாம ஓடிப்போச்சுடா. தூசு மேல எப்பிடிக் கோவப்படறது? அல்லா குடுத்தது, அவ்ளோதான்னு இருந்துட்டேன். நிம்மதியாத்தான் இருந்தேன். இப்ப கெழவனாயி மூச்சு வாங்கறப்ப ஒரு ஆளைக் கொண்டாந்து எதிர்ல நிறுத்தறியே. அதுவும் நீ. இத்த வெச்சுக்கினு நான் இன்னாடா பண்ணட்டும்?"



உள்ளே இருந்து அவன் மனைவி கேட்டாள், "அண்ணனுக்கு டீ போடட்டா?"

"வாணாம்" என்றான் கரீம். "அவன் கெளம்பறான்."